விலாசம்: நடுக்கடல்

கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், தேயிலையும் பனிமூட்டமும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத இடத்தில், ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் இல்லாமல் பத்து வருஷம் கப்பல் ஓட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்துச் சுக்கான். இதை மறுக்க நினைக்கிற வாசகர்கள் தாராளமாக எனக்குக் கடிதம் எழுதலாம். நான் படிக்கமாட்டேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதை என் கையாலேயே அரசாங்க விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தோட்டத்தில் விசாரித்தால் அவருடைய சம்சாரமே அப்படி யாரும் இங்கே இல்லை என்று அனுப்பிவிடுவார். ஹட்டனுக்கு மேலே மூன்று மைலில் இருந்த அந்தத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர். அவர் ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தைக் காயவைக்கிற இயந்திரத்துக்குக் கீழே விறகு தள்ளுவது அவர் பொறுப்பு. யுத்தக் காலத்தில் திருகோணமலைக்குப் போய்க் கடற்படையில் சேர்ந்து, ‘எலினோர்’ என்ற கப்பலில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்தக் கப்பலின் சுக்கானைப் பிடித்தது தான்தான் என்று திரும்பி வந்த அன்றே அவர் அறிவித்ததில், பெயர் ஒட்டிக்கொண்டது.

வந்த மனிதர் கப்பலை விட்டுவிட்டு வந்திருக்கலாம். கூடவே கொண்டுவந்துவிட்டார். ஸ்டோரின் கீழ்த்தளம் அவருக்கு இன்ஜின் அறை, மாடி மேல்தளம், டீமேக்கர் கேப்டன். வெளியே மழை பெய்தால் ‘தண்ணி ஏறுது’ என்பார். கீழே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் பதவி எதுவும் கொடுக்கவில்லை. அவர்களெல்லாம் ‘கரைக்காரங்க’. அந்த வார்த்தையை அவர் சொல்கிற விதத்தில், கரையில் வாழ்வது ஏதோ திருந்த வேண்டிய கெட்ட பழக்கம் என்று தோன்றும்.

ஒரு முறை தோட்டத்து மணி அடிக்கிறவருக்குக் காய்ச்சல் வந்தது. வேலையாட்களை மேற்பார்க்கிற கண்டாக்கு, அவருடைய போதாத காலம், அந்த வேலையை ஒரு வாரத்துக்குச் சுக்கானிடம் ஒப்படைத்தார். கப்பலில் மணி அடிப்பது வேறு கணக்காம். அரை மணிக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போய், எட்டு ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்களாம். அந்தக் கணக்கில் காலை ஆறு மணிக்கு நாலே நாலு அடி. மறுநாள் விடியற்காலை சுக்கான் சுத்தமாக நாலு அடித்தார். முழித்தவர்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெரிய தொரையும் அவர் நாயும் மட்டும் அரை மணி நேரம் நின்றார்கள். விசாரணையில் சுக்கான் தலை குனியவில்லை. கரைக்காரங்களுக்கு எண்ணத் தெரியாதது தன் குற்றமாகாது என்று தொரை முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வாரம் முடிவதற்குள் காய்ச்சல்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

கொழுந்து லொறி ரிவர்ஸில் வரும்போது வழிகாட்டுவார். இடது வலது என்கிற சொற்கள் அவரிடம் கிடையாது. ‘போர்ட், போர்ட், இன்னும் கொஞ்சம் போர்ட்’ என்று கையை ஆட்டுவார். டிரைவர் புதுசு. கப்பலில் இடது பக்கத்துக்கு அப்படிப் பெயர் என்று அவருக்குத் தெரியாது. லொறி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கொழுந்துச் சாக்குகளை ஆளுக்கொன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு போகும்போது, ஆள் சேதம் இல்லாததற்குத் தன்னைப் பாராட்ட வேண்டும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றிலும் பெரிசு அந்த ஊதுகுழல். எங்கள் மலையில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. சுக்கான் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒரு குழல் செய்து, மூட்டம் விலகும் வரை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதுவார். எதற்கு என்று கேட்டேன். மூட்டத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க என்றார். எது மோதும் அண்ணே, லயமா என்றேன். இத்தனை வருஷமாக எந்த லயமாவது மோதியிருக்கிறதா, அதற்குக் காரணம் யார் என்று திருப்பிக் கேட்டார்.

பர்மா கதைக்கு வருகிறேன். சம்பள நாளன்று சாயங்காலம் சுக்கான் வீட்டு வாசலில் கூட்டம் கூடும். எலினோர் பர்மாவுக்குப் போன கதை அது. ஒன்றரை வருஷம் கரையைக் கண்ணால் பார்க்கவில்லை. பதினோரு நாள் புயல். கேப்டன் மயங்கி விழுந்துவிட்டார். சுக்கானை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கேப்டனுக்குக் கஞ்சி ஊட்டினார் இவர். நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அலை ஒரு முழம் உயர்ந்திருக்கும். கதை தொடங்கியதும் அவர் சம்சாரம் மட்டும் எழுந்து உள்ளே போய் அடுப்பை ஊதுவார். நான் அவரை அக்கா என்பேன். மலையில் அவரைப்போல் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. பேச்சில் அத்தனை சிக்கனம்.

இப்படி இருக்கும்போது அந்தச் சட்டம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு வந்தது. இந்தியாவிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டித் தேயிலை நட்டு, அந்தத் தேயிலைக்கே உரமாகிப் போனவர்களின் பிள்ளைகள், ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் எந்த நாட்டுக்காரரும் இல்லை. பிரஜாவுரிமை வேண்டுமானால் விண்ணப்பம் போடுங்கள், இன்னின்ன வருஷங்களில் இந்த மண்ணைவிட்டு நகரவில்லை என்று நிரூபியுங்கள், பார்க்கலாம் என்றார்கள். இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்தாற்போல் வெளியே இருந்திருந்தால் கதை முடிந்தது. கொழுந்து பறிப்பதற்கு ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை. பறித்த கை இங்கேதான் இருந்தது என்பதற்குத்தான் அத்தாட்சி கேட்டார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. இங்கிலீஷ் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்கிற கர்வம் வேறு. லயம் லயமாகப் போய் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். சுக்கான் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எந்தெந்த வருஷம் எங்கே குடியிருந்தார் என்று எழுத வேண்டிய இடம் வந்தது. யுத்த வருஷங்களுக்கு விலாசம் கேட்டேன்.

“எழுதுங்க கிளாக்கரய்யா. நடுக்கடல்.”

“திருகோணமலைன்னு போட்டுருவோமாண்ணே?”

“அது கரையில நின்னவனுக்கு. நமக்கு நடுக்கடல்.”

உள்ளே அடுப்படியிலிருந்து அக்கா, “ஊரு பேரையே போடுங்க தம்பி” என்றார். இருபது வயதில் யார் அடுப்படிப் பேச்சைக் கேட்கிறார்கள்? ‘நடுக்கடல்’ என்று இங்கிலீஷில் வளைத்து வளைத்து எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. கடுதாசி கொழும்புக்குப் போனது.

அரசாங்கம் அதை வாசிக்க நாலைந்து வருஷம் எடுத்துக்கொண்டது. வாசித்ததும் பதில் வந்தது. விண்ணப்பதாரர் தன் வாயாலேயே மூன்று வருஷம் கடலில் இருந்ததாகச் சொல்லியிருப்பதால், அவர், மனைவி, மகள் மூவரின் விண்ணப்பத்தையும் ஏன் தள்ளக்கூடாது என்று இன்ன தேதியில் ஹட்டனில் நடக்கும் விசாரணைக்குச் சாட்சிகளோடு வந்து காரணம் சொல்லவும்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சுக்கான் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார். அன்று சொல்லவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எம்மகளுக்கு ஊருன்னு ஒன்னு இல்லாமப் போயிருமாய்யா?”

எழுதின கை என் கை. அவர் பெருமைக்குச் சொன்னார். நான் பெருமைக்கு எழுதினேன். நடுவில் ஒரு குடும்பம் நாடில்லாமல் நிற்கிறது. கதவைச் சாத்திவிட்டு, அண்ணே, என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், கப்பல் எங்கேதான் போனது என்று கேட்டேன். முதலில் அது யுத்த ரகசியம் என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். எதிரி போட்ட கண்ணிவெடி ஏதும் கிடக்கிறதா என்று துறைமுக வாசலைத் துழாவுகிற கப்பல் அது. காலையில் ஆறு மணிக்குப் புறப்படும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிவிடும். மூன்று வருஷமும் அதேதான். வெளிச்சவீடு கண்ணுக்கு மறைந்து அவர் பார்த்ததே இல்லை.

நான் துள்ளிக் குதித்தேன். “அண்ணே! நீங்க எங்கயுமே போகல!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஒரு மனிதனின் மானம் போனதற்காக இன்னொருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவர் அதுவரை கண்டதில்லை. சட்டத்துக்கு வேண்டியது இதுதான், கூட இருந்த இரண்டு பேர் வந்து இதைச் சொன்னால் போதும் என்று விளக்கினேன். அப்போதுதான் அவர் முகம் இன்னும் கறுத்தது.

கூட இருந்தவர்கள் இரண்டு பேர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். ஒருவர் மஸ்கெலியாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் கினிகத்தேனைச் சிங்களவர், தச்சு வேலை. தச்சர்களையும் மேசன்களையும் எங்கள் பக்கம் பாஸ் என்போம், ஆகவே அவர் பாஸ். இந்த மூவரும் கப்பலைவிட்டு இறங்கிப் பத்து வருஷமாகிறது. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. சுக்கான் தீபாவளிக்குத் துணி எடுக்கக்கூட மஸ்கெலியாப் பக்கம் போனதில்லை. ஏன் என்று நான் யோசித்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

பாஸுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறினோம். கடையில் நல்ல கூட்டம். நானா ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சுக்கானைக் கண்டதும் சேலை கீழே விழுந்தது. வாடிக்கையாளர்களை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை. அடுத்த நிமிஷம் எங்களைப் பின்கட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

விஷயம் இதுதான். மஸ்கெலியாக்காரர்களுக்கு நானா ஜப்பான் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியவர். கப்பலில் அவர் பார்த்த வேலை அதிகாரிகளின் சட்டைக்கு இஸ்திரி போடுவது. சற்று நேரத்தில் வந்து சேர்ந்த பாஸ், கினிகத்தேனைக்காரர்களுக்கு, கடலில் விழுந்த கேப்டனை முடியைப் பிடித்துத் தூக்கியவர். கப்பலில் கதவுக்குக் கொண்டி மாட்டினவர். மூவரும் ஒருவர் வீட்டுச் சாவி மற்றவரிடம் சிக்கிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சுக்கான் தலை கவிழ்ந்திருந்தார். நானா நல்ல மனிதர். “மச்சான்ட புள்ளைக்காகச் சொல்லமாட்டோமா? கப்பல் எங்கயும் போகல்ல. அந்திக்குத் திரும்பி வந்துடும். அவ்வளவுதானே?” என்றார். பாஸும் சிங்களத்தில் சரி சரி என்பதற்கு ஹரி ஹரி என்று தலையாட்டினார். ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. நான் அப்போதே எழுந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து வட்டிலப்பம் வந்தது. எழுந்திருக்கவில்லை.

முதலில் கப்பல் பூனையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நிலக்கரி நாற்றம். எது சமைத்தாலும் ஒரே ருசியாகச் சமைக்கிற குசினிக்காரன். குளிக்கும்போது பாடுகிற கேப்டன். கடைசியாகக் கப்பலைவிட்டு வந்த அன்று மூவரும் ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினது. பாஸின் தமிழ் அரைகுறை, சுக்கானின் சிங்களம் அதைவிட மோசம், ஆனாலும் ஒருவர் பேச்சை முடிக்கும் முன் மற்றவர் சிரித்தார். இதுவரை சொன்னது எல்லாம் நிஜம். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர். அப்போது நானா ஒரு பெருமூச்சு விட்டு, அந்தப் புயல் இருக்கிறதே என்று தொடங்கினார்.

புயல் எதுவும் அடிக்கவில்லை என்பது மூவருக்கும் தெரியும். ஆனால் மூவரும் பத்து வருஷமாக ஆளுக்கொரு புயலைத் தங்கள் ஊரில் அடிக்கவிட்டிருந்தார்கள். மூன்று ஊரிலும் தனித்தனியாக அடித்த புயல் அன்று அந்தப் பின்கட்டில் ஒன்று சேர்ந்தது. இரண்டாவது பிளேன்டீக்குள் கப்பல் அந்தமானைத் தாண்டிவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்போது ரங்கூன் துறைமுகம் தெரிந்தது. பாஸ் எழுந்து நின்று நங்கூரம் இறக்கிக் காட்டினார். சுக்கான் என் பக்கம் திரும்பி, “கிளாக்கரய்யா, நான் சொன்னப்ப நீங்க நம்பலையே, பாத்தீங்களா” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவரே நம்பினார். விசாரணையில் பர்மா என்று யாராவது வாயைத் திறந்தால் மூன்று ஜீவன்கள் நாசம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். காலையில் போய் அந்திக்குத் திரும்பும் என்று மூவரையும் மூன்று தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

விசாரணை அன்று ஹட்டனில் அந்த அறை நிரம்பி வழிந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆள் வந்திருந்தது. பாஸ் தன் ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்திருந்தார். நானா கூட்டிவந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? தன் மகளுக்குப் பேசி முடித்திருந்த இடத்துச் சம்பந்தியை. அரசாங்கமே தன்னிடம் யுத்தத்தைப் பற்றி விசாரிக்கிறது என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்.

அதிகாரி சளி பிடித்த மனிதர். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் நடந்தது. முதல் சாட்சி நானா. எலினோர் கப்பல் எங்கேயாவது வெளிநாட்டுக்குப் போனதா என்று கேட்டார்கள். நானா என்னைப் பார்த்தார். சுக்கானைப் பார்த்தார். பிறகு, ஐயோ, சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“பர்மாவுக்குப் போச்சு சேர்” என்றார் நானா.

அடுத்தது பாஸ். ஒரு கொண்டி மாட்டினவனுக்கும் மானம் உண்டல்லவா? பர்மாவோடு நிறுத்தாமல் சிங்கப்பூர் வரை போய்த் திரும்பினார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, நாள் கணக்கா, ஒன்றரை வருஷம் என்று சிங்களத்தில் முழங்கினார். பின்னால் கினிகத்தேனைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். எந்த வருஷம் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு அந்தப் பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுக்கான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அப்போது பெண்கள் பெஞ்சியிலிருந்து அக்கா எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. சாட்சிப் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் உட்காரச் சொன்னார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

“ஐயா, இவங்க சொல்ற அந்த ஒன்னரை வருசத்துக் கடைசியிலதான் எம்மக பொறந்துச்சு. தோட்டத்து ஆசுபத்திரில தேதியோட பதிஞ்சிருக்கு. அவுக அப்பா மாசாமாசம் லீவுல வந்துட்டுத்தான் போனாரு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு நானா பக்கம் திரும்பினார். “அண்ணே, அந்த ஒன்னரை வருசமும் இவரு பர்மாவுல இருந்தாருன்னா, எம்மகளுக்கு அப்பன் யாருன்னு நீங்களே இந்தச் சபையில சொல்லிருங்க.”

நானாவின் முகம் வெளிறிப் போயிற்று. பாஸுக்கு ஒருவர் காதில் சிங்களத்தில் சொல்ல, அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சுக்கான் எழுந்தார். அதிகாரியைப் பார்த்துப் பேசவில்லை. லொறியில் வந்த எங்கள் ஆட்களைப் பார்த்துப் பேசினார்.

“கப்பல் எங்கயும் போகல. காலையில போயி அந்திக்கு வந்துரும். நான் சுக்கான் புடிச்சதே இல்ல. குசினியில உருளைக்கெழங்கு தோல் சீவினேன். அதுலயும் பாதி நாள் வாந்தி எடுத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். இவ சொல்றதுதான் நெசம்.”

ஆறே வரி. பத்து வருஷம் கட்டிக் காத்த கப்பலை அந்த மனிதர் ஆறு வரியில் மூழ்கடித்துவிட்டு நின்றார். யாராவது சிரித்திருந்தால் நான் அடித்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. நானா எழுந்து, மச்சான் சொல்றதுதான் சரி சேர், நான் இஸ்திரி போட்ட ஆள் என்று சம்பந்திக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார். பாஸ் கொண்டியைப் பற்றிச் சொன்னார். சம்பந்தியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கல்யாணம் நடந்தது. இஸ்திரி போட்ட சட்டையைத்தான் மாப்பிள்ளையும் போட்டிருந்தார்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரை ஒதுக்கிவிட்டு, நேராகத் தமிழில் கேட்டார். “அப்போ இந்த விண்ணப்பத்தில நடுக்கடல் என்று எழுதினது யார்?”

நான் எழுந்தேன். நான்தான் என்றேன். ஏன் எழுதினாய் என்றார். எழுத்து அழகாக வந்தது சேர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாட்டுக்குள் பிரஜைகளாக எடுப்பதற்கு முன் மூளையையும் பரிசோதிக்க ஒரு பிரிவு சட்டத்தில் இல்லையே என்று அவர் வருந்தியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். சில மாதத்தில் சுக்கான் குடும்பத்துக்குப் பத்திரம் வந்தது. எங்கள் லயங்களில் நூறு பேர் போட்டால் கை விரல் எண்ணிக்கைக்குத்தான் வந்தது, அதில் அவருடையது ஒன்று. பத்திரத்தை அக்கா பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சம்பள நாள் கூட்டம் நின்றுபோயிற்று. பனிமூட்டம் இறங்கினால் குழல் ஊதுவது இல்லை. லொறிக்காரனிடம் இடது வலது என்று தெளிவாகச் சொன்னார். தோட்டம் ஒழுங்காக நடந்தது, பொழுதுதான் போகவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறுவார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் மூவரும் இப்போது தாராளமாகச் சந்தித்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. தள்ளுபடி. யுத்தக் காலத்தில் பள்ளிக்கூடம் படிக்கட்டும் என்று அப்பா என்னைத் திருச்சிக்குப் பக்கத்தில் மாமா வீட்டில் விட்டிருந்தார். பதினாலு மாதம். கிராமம், தபால் ஆபீஸ், தேதி எல்லாம் முத்து முத்தாக நானே எழுதியிருந்தேன். நடுக்கடல் என்று எழுதிக் கொடுத்தவருக்கு நாடு கிடைத்தது, விலாசத்தைச் சரியாக எழுதினவனுக்கு இல்லை. யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே கிடந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் நாலு பேர். நானா கையில் வட்டிலப்பம். பாஸ் சலவைச் சட்டை. சுக்கான். அவருக்குப் பின்னால் அக்கா. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“கிளாக்கரய்யா, அப்பீல் போடுங்க” என்றார் சுக்கான். “அந்தப் பதினாலு மாசமும் நீங்க எங்ககூடக் கப்பல்லதான் இருந்தீங்க. நாங்க மூணு பேரும் சத்தியம் பண்றோம். காலையில போவோம், அந்திக்கு வந்துருவோம்.”

கப்பலில் எனக்கு என்ன வேலை என்றுகூட முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். கிளாக்கர் வேலையாம். குசினிக்குப் பக்கத்து அறையாம்.

“அண்ணே, எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு” என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. வயதுக்கு மீறின உயரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் பாஸ். அக்கா முன்னால் வந்தார். ஒரு பொய்யைத் தாங்கமாட்டாமல் சபையில் எழுந்து நின்ற பெண்.

“நானும் சொல்றேன் தம்பி. மாசாமாசம் இவருகூட உங்களையும் பாத்தேன்னு.”

நான் அப்பீல் போடவில்லை. பிறகு இந்தியாவுக்கு வந்துவிட்டேன். இங்கே யாராவது, யுத்தக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், மாமா வீட்டில் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எலினோர் என்ற கப்பலில் கிளாக்கராக இருந்தேன் என்றுதான் சொல்கிறேன். சாட்சிக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.